மில் சிஸ்டம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, லாரவெல் எந்த வேர்ஷன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லடிப்பாலம் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் நெல் வாங்குவதற்கு ஒரு சிஸ்டம் ஓடுகிறது. வண்டி வந்தால் மூடை எண்ணி, நிறை போட்டு, ஈரப்பதன் பார்த்து, விவசாயிக்குத் துண்டு அடித்துக் கொடுக்கிற சின்ன வேலைதான். அதை லாரவெலில் (பிஎச்பி மொழியில் வெப் சிஸ்டம் கட்டுவதற்கான ப்ரேம்வேர்க்) செய்துகொடுத்த அண்ணன் இப்போது கட்டாரில். போகும்போது மில் முதலாளி ஹாஜியாரிடம் பென் டிரைவில் ஒரு ஸிப் பைலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அது இரண்டு வருசமாக மேசை லாச்சியில் கிடந்து இப்போது என் கைக்கு வந்திருக்கிறது.

பெரும்போக வெட்டுத் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு மாற்றம் வேண்டுமாம். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் மூடைக்கு எத்தனை கிலோ கழிப்பது என்பதைச் சிஸ்டமே கணக்குப் பார்க்க வேண்டும். இப்போது கணக்கப்பிள்ளை கல்குலேட்டரில் தட்டிக் கையால் எழுதுகிறார், அதில் ஒவ்வொரு போகமும் போடிமாரோடு (வயல்காரரோடு) சண்டை.

நான் டிப்ளோமா முடித்து ஒரு வருசம், லாரவெல் கொஞ்சம் தெரியும், ஆனால் படித்தது 11, 12 தான். இந்தக் கோடைத் திறந்தால் எனக்குத் தெரிந்த லாரவெல் மாதிரியே இல்லை. மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் உள்ளே போகுமுன் கடக்கும் சோதனைப் படி) சேர்ப்பதற்கு பூட்ஸ்ட்ராப் போல்டரில் உள்ள அப் பைலில் எழுதச் சொல்லித்தான் டொக்கியுமென்டேஷனில் இருக்கிறது, நானும் அப்படியே எழுதினேன், இங்கே அந்தப் பைலின் உள்ளடக்கமே வேறு. எந்த வேர்ஷன் என்று தெரிந்தால் அந்த வேர்ஷனின் டொக்கியுமென்டேஷனை எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். அந்த அண்ணனிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். "லேட்டஸ்ட்தான் தம்பி போட்டேன்" என்று ஒரு வரி வந்தது. எந்த வருசத்து லேட்டஸ்ட் என்று கேட்டேன், இரண்டு நீலச் சரி விழுந்ததோடு சரி.

ஸிப்பில் வென்டர் போல்டர் (லாரவெலும் மற்றப் பெக்கேஜ்களும் இருக்கும் இடம்) இல்லை. என் லப்டொப்பில் எக்ஸாம்ப், பிஎச்பி 8.2.12. அந்தப் பெக்கேஜ்களை இறக்கும் கொம்போசரில் இன்ஸ்டோல் கொடுத்தேன், உங்கள் பிஎச்பி பொருந்தாது என்று நின்றுவிட்டது. எங்கேயோ பார்த்து, பிளாட்போர்ம் தேவைகளைக் கவனிக்காதே என்கிற ஒப்ஷனைப் போட்டு மறுபடி கொடுத்தேன். எல்லாம் இறங்கியது, கடைசியில் 'அரே அக்சஸ்' என்று ஏதோ சொல்லிச் சிவப்பாக ஒரு பக்கம் கொட்டியது. இப்போது பிஎச்பி ஆர்ட்டிசன் --வேர்ஷன் என்று கேட்டாலும் அதே சிவப்புத்தான். வேர்ஷனைக் கேட்பதற்கே ஓட வேண்டும், ஓட்டுவதற்கு வேர்ஷன் தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

(போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கொமாண்ட் எல்லாம் தமிழ் எழுத்தில்தான் வரும், குறை நினைக்காதீர்கள்.)

தயிர்ச்சட்டி | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, பதறாதீர்கள். ஆர்ட்டிசன் என்பது அந்த ப்ரேம்வேர்க்கையே கிளப்பிவிட்டுத்தான் பதில் சொல்லும், ப்ரேம்வேர்க் கிளம்பாவிட்டால் அதனிடம் வயது கேட்க முடியாது. ஓடுகிற புரொஜெக்ட் என்றால் அந்த ஒரு கொமாண்ட் போதும், 9.21க்குப் பிந்தியது என்றால் ஆர்ட்டிசன் அபவுட் என்று கேட்டாலே பிஎச்பி, கொம்போசர், டீபக் நிலை எல்லாம் சேர்த்து அட்டவணையாகக் கொடுக்கும். உங்களுடையது ஓடவில்லை, அதனால் பைலைத் திறந்து வாசிக்க வேண்டியதுதான், நோட்பேட் போதும்.

அந்த 'அரே அக்சஸ்' எரர் பழைய லாரவெலை பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல் ஓட்டினால் வருவது. கோடில் பிழை இல்லை. அந்தக் காலத்து பங்ஷன்களில் ரிட்டர்ன் டைப் எழுதியிருக்க மாட்டார்கள், 8.1 அதைக் கண்டு முணுமுணுக்கும், லாரவெல் அந்த முணுமுணுப்பைப் பிடித்து எரராக்கிவிடும். ஆக உங்களுடையது பழசு என்பதுவரை இப்போதே சொல்லலாம்.

புரொஜெக்டின் வாசலிலேயே கொம்போசர்.ஜேசன் என்று ஒரு பைல் இருக்கும். அதில் ரிக்வயர் என்ற பகுதியில் பிஎச்பிக்கு நேரே என்ன, லாரவெல்/ப்ரேம்வேர்க் என்பதற்கு நேரே என்ன இருக்கிறது என்று அப்படியே போடுங்கள்.

மறுகா_பாப்பம் | ஞாயிறு, இரவு 10.11

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு மச்சான். ஜேசனில் நம்பரை 12 என்று மாத்திவிட்டு கொம்போசர் அப்டேட் ஒன்று கொடு, எல்லாம் புதுசாகிவிடும். வேர்ஷன் என்ன என்ற கேள்வியே இருக்காது.

தயிர்ச்சட்டி | ஞாயிறு, இரவு 10.20

மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மறுகா பாப்பம், உங்கள் பேரே போதும், இதையும் மறுகா பார்த்திருக்கலாம்.

நானே பட்டவன், அதனால் சொல்கிறேன். பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலின் புக்கிங் சைட், சீசன் நேரம், ஒரு சின்ன பெக்கேஜைச் சேர்ப்பதற்காக லைவ் சேர்வரிலேயே அப்டேட் கொடுத்தேன். ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் மெமரி போதாமல் நடுவழியில் நின்றது. வென்டரில் பாதி பழசு, பாதி புதுசு. சைட் வெள்ளைப் பக்கம். பெக்கப் எடுத்து வைக்கவில்லை. அன்றிரவு முழுக்க இருந்து ஒவ்வொரு பெக்கேஜாகத் தேடிப் பழைய நம்பருக்குக் கொண்டுவந்தேன், விடியக் கல்லடிப் பாலத்தால் வீட்டுக்குப் போகும்போது வாவியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்ஸ்டோலும் அப்டேட்டும் ஒன்றில்லை. இன்ஸ்டோல் லொக் பைலைப் பார்த்து அதில் எழுதியிருப்பதை அப்படியே இறக்கும். அப்டேட், லொக்கைக் கணக்கெடுக்காமல் ஜேசன் அனுமதிக்கிற ஆகப் புதியதைத் தேடி இறக்கி, லொக்கையும் திருத்தி எழுதிவிடும். அதோடு 5இலிருந்தோ 6இலிருந்தோ 12க்கு நம்பரை மாற்றினால் கோடும் தானாக மாறிவிடுமா? ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் அப்கிரேட் கைட் இருக்கிறது. வெட்டு முடிந்தபிறகு ஆறுதலாகச் செய்கிற வேலை அது.

கல்லடிப்பாலம் | ஞாயிறு, இரவு 10.48

நன்றி அண்ணா. பார்த்தேன். பிஎச்பிக்கு நேரே ^7.1.3, லாரவெல்/ப்ரேம்வேர்க்குக்கு நேரே 5.8.* என்று இருக்கிறது. அப்போ 5.8 தானே? முடிந்ததா?

கொம்போசர்.லொக்கும் இருக்கிறது. அதில் தேடினால் வி5.8.38 என்று வருகிறது. வென்டருக்குள்ளும் அதேதான். எல்லாம் ஒத்துப்போகிறது. நான் நாளைக்கே பிஎச்பி 7.4 போட்டு, மாற்றத்தைச் செய்து, செவ்வாய்க்கிழமை சேர்வரில் ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம், இதோடு சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். லைவ் சைட்டில் 'முற்பணம்' என்று ஒரு மெனு இருக்கிறது, விவசாயிக்கு வெட்டுக்கு முன் கொடுத்த காசைப் பதிவது. என்னிடம் உள்ள கோடில் அந்தச் சொல்லைத் தேடினால் ஒரு இடத்திலும் இல்லை. டேட்டாபேஸிலிருந்து வரும் மெனுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒலுவில்_வெளிச்சவீடு | திங்கள், காலை 6.30

தம்பி, செவ்வாய்க்கிழமை ஒன்றையும் ஏற்றாதீர்கள். சுபஹுக்கு எழும்பிப் போனைப் பார்த்தேன், கடைசிப் பந்தியை வாசித்ததும் தூக்கமே போய்விட்டது.

நீங்கள் சொல்லும் லொக் பைலின் திகதியைப் பாருங்கள். நேற்றுத் திகதியாகத்தான் இருக்கும். முதல் பதிவில் லொக்கைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லை, ஸிப்பில் அது இருந்திருக்காது, இருந்திருந்தால் கொம்போசர் "லொக் பைல் இல்லை, புதிதாகத் தேடி இறக்குகிறேன்" என்கிற வரியை முதலில் காட்டியிருக்காது. கறுப்புத் திரையை மேலே தள்ளிப் பாருங்கள், அந்த வரி இருக்கும். நேற்று இரவு உங்கள் லப்டொப் பெற்ற பிள்ளைதான் அந்த லொக். 5.8.* என்றால் 5.8 வரிசையில் எதுவும் சரி என்று அர்த்தம், அந்த வரிசையின் கடைசி 5.8.38, கொம்போசர் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. மில்லில் என்ன ஓடுகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

மூன்று பைலையும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஜேசன் கலியாணத்துக்கு எழுதிய சாமான் துண்டு: "நல்ல சம்பா அரிசி 50 கிலோ". லொக் கடைக்காரன் கொடுத்த பில்: எந்த மில், எந்த மூடை, எத்தனை கிலோ. வென்டர் அடுப்பில் கொதிக்கிற சோறு. துண்டை மட்டும் வாசித்துவிட்டுப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று சொல்ல முடியுமா?

ஜேசனில் போடும் குறியும் ஏமாற்றும். லாரவெல் 2019 செப்டெம்பரில் 6 வந்தபோதுதான் செமன்டிக் வேர்ஷன் முறைக்கு மாறியது. அதற்கு முன் 5.7இலிருந்து 5.8க்குப் போவதே பெரிய பாய்ச்சல், அதனால் 5.8.* என்று இறுக்கி எழுதினார்கள். 6க்குப் பிறகு ^6.2 மாதிரி வரும், அதற்கு 6.2 தொடங்கி 7க்கு உள்ளே எதுவும் என்று பொருள். 6.2 என்று கண்ணால் கண்டுவிட்டு 6.2 தான் ஓடுகிறது என்று சொன்ன ஆட்களை நான் கண்டிருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் அதில் ஒருவன்.

லொக்கில் தேடும்போது இன்னொன்று. லாரவெல்/ப்ரேம்வேர்க் என்று தேடினால் பல இடத்தில் வரும், மற்றப் பெக்கேஜ்கள் எனக்கு இது வேண்டும் என்று சொல்வதும் அதற்குள் இருக்கும். நேம் என்பதற்குப் பக்கத்தில் வருவதைப் பிடித்து, அதற்கு நேர் கீழே உள்ள வேர்ஷனைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது சேர்வருக்குப் போங்கள். மில்லிடம் ஹோஸ்டிங்கைக் கட்டுப்படுத்தும் சீபேனல் லொகின் இருக்கும்தானே? பைல் மெனேஜரில் பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளே இன்டெக்ஸ்.பிஎச்பியைத் திறந்து பாருங்கள், எடிட் வேண்டாம், வியூ மட்டும். அதில் ஓட்டோலோட் என்று ஒரு வரி எந்தப் போல்டரைச் சுட்டுகிறதோ அதுதான் உயிரோடு இருக்கிற புரொஜெக்ட். நம்ம ஆட்கள் சேர்வரில் நாலு கொப்பி வைத்திருப்பார்கள், பழசு, புதுசு, புதுசு 2, கடைசி, கடைசியிலும் கடைசி. எதை வாசிக்கிறோம் என்று தெரியாமல் வாசித்தால் பிரயோசனம் இல்லை.

அந்தப் போல்டருக்குள் வென்டர் > லாரவெல் > ப்ரேம்வேர்க் > எஸ்ஆர்சி > இலுமினேட் > பவுண்டேஷன் என்று இறங்கினால் அப்ளிகேஷன்.பிஎச்பி இருக்கும். கிளாஸ் தொடங்கிய உடனேயே கொன்ஸ்ட் வேர்ஷன் என்று ஒரு வரி, அதற்கு நேரே நம்பர். ஆர்ட்டிசன் சொல்வதும் இதைத்தான் வாசித்துச் சொல்கிறது. டெர்மினல் வேண்டாம், பிஎச்பி ஓட வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

எதுவுமே கிடைக்காவிட்டால் மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயது சொல்வது போல போல்டர்களைப் பார்த்துச் சொல்லலாம். ரூட்ஸ் என்று தனிப் போல்டர் இருந்தால் 5.3 அல்லது அதற்குப் பின். யூசர் மொடல் அப் போல்டரின் வாசலிலேயே கிடந்தால் 8க்கு முந்தியது, மொடல்ஸ் என்று அறை கட்டி உள்ளே போனது 8இல்தான். டேட்டாபேஸில் சீட்ஸ் என்றிருந்தால் 8க்கு முன், சீடர்ஸ் என்றால் 8 முதல். எக்ஸப்ஷன் ஹேண்ட்லரில் எக்ஸப்ஷன் என்று இருந்தால் 6 அல்லது அதற்கு முன், த்ரோவபிள் என்றால் 7 முதல். வெப்பேக் மிக்ஸ் பைல் இருந்தால் வீட் என்ற புதிய கருவி வருவதற்கு முந்தியது, வீட் வந்தது 2022 நடுப்பகுதியில். எச்டிடிபி போல்டரில் கேர்னல் பைலே இல்லையென்றால் 11 அல்லது புதியது, நீங்கள் படித்தது அதுதான், அதனால்தான் உங்களுக்கு எல்லாம் அந்நியமாகத் தெரிகிறது. ஆனால் பல்லுப் பார்த்த வயது அண்ணளவுதான். 5.8இல் பிறந்து 8க்கு ஏற்றிய புரொஜெக்டில் பழைய அறைகள் அப்படியே இருக்கும்.

மருதமுனை_நெசவு | திங்கள், காலை 8.15

நானா சொன்ன கடைசி விசயத்துக்கு என்னுடைய கதையும் ஒன்று. லாரவெல் இல்லை, பைதனில் எழுதும் ஜாங்கோ. கெம்பஸ் புரொஜெக்டுக்குச் சீனியர் ஒருவர் கொடுத்த கோட். செட்டிங்ஸ் பைலின் தலையில் "ஜாங்கோ 1.11 கொண்டு உருவாக்கப்பட்டது" என்று கொமென்ட் இருந்தது. நானும் 1.11 போட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். அந்தக் கொமென்ட் புரொஜெக்ட் தொடங்கிய அன்று ஒரே ஒரு தரம் எழுதப்படுவது, அதற்குப் பிறகு எத்தனை வேர்ஷன் ஏற்றினாலும் அது மாறாது. ஆளுடைய பிறந்த வருசத்தைப் பார்த்து இப்போது போட்டிருக்கும் சட்டையின் அளவைச் சொன்ன கதை.

கடைசியில் காட்டிக்கொடுத்தது யூஆர்எல்ஸ் பைல்தான். அதில் பாத் என்று எழுதியிருந்தார்கள், பாத் வந்ததே 2.0இல், 2017 டிசம்பரில். 1.11இல் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதோடு பழைய யூஆர்எல் பங்ஷனும் சில இடங்களில் இருந்தது, அதை 4.0இல் எடுத்துவிட்டார்கள். ஆக 2க்கும் 4க்கும் இடையில். பிறகு டிபோல்ட் ஓட்டோ பீல்ட் என்று செட்டிங்ஸில் ஒரு வரியைக் கண்டேன், அது 3.2இல் வந்தது, போட்டேன், ஓடியது.

ஜாங்கோவில் நம்பர் கேட்பதற்குப் பைதன் -எம் ஜாங்கோ --வேர்ஷன். ஆனால் அது சொல்வது அந்த நேரம் உங்கள் டெர்மினலில் எந்த என்வயர்மென்ட் திறந்திருக்கிறதோ அதில் உள்ளதை. வேர்ச்சுவல் என்வயர்மென்டை அக்டிவேட் பண்ணாமல் கேட்டால் லப்டொப்பில் பொதுவாகக் கிடக்கும் ஜாங்கோவின் நம்பரைச் சொல்லிவிட்டுப் போய்விடும், புரொஜெக்டுடையதை அல்ல. ரிக்வயர்மென்ட்ஸ் பைலில் இரண்டு சமன் அடையாளம் போட்டு நம்பர் இருந்தால் நம்பலாம், வெறுமனே ஜாங்கோ என்று மட்டும் இருந்தால் அதுவும் நானா சொன்ன சாமான் துண்டுதான்.

தயிர்ச்சட்டி | திங்கள், காலை 8.50

வெளிச்சவீட்டு நானா, முற்பணம் மெனுவை நான் கவனிக்கவே இல்லை. எரரைப் பார்த்தேன், மனுசன் சொன்னதைப் பார்க்கவில்லை. தம்பி, சேர்வரைப் பார்த்தீர்களா?

கல்லடிப்பாலம் | திங்கள், மாலை 5.30

மழைக்குள் சம்மாந்துறைக்குப் போய் வந்தேன், அதனால்தான் தாமதம். சீபேனல் பாஸ்வேர்ட் ஹாஜியாரின் டயரியில் 2020ஆம் ஆண்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, அதைத் தேடவே ஒன்றரை மணித்தியாலம், இடையில் இரண்டு பிளேன்டீ.

நானா சொன்னது சரி. கறுப்புத் திரையில் "லொக் பைல் இல்லை" என்ற வரி முதல் வரியாகவே இருக்கிறது, நான்தான் சிவப்பை மட்டும் பார்த்திருக்கிறேன்.

சேர்வரில் மூன்று போல்டர். மில், மில்_டெஸ்ட், மில்_நியூ2. இன்டெக்ஸ்.பிஎச்பி சுட்டுவது மில்_நியூ2வை. அதற்குள் அப்ளிகேஷன்.பிஎச்பியைத் திறந்தால் 6.18.35. லொக் பைலும் அங்கே இருக்கிறது, அதிலும் வி6.18.35, ஜேசனில் ^6.2. முற்பணம் மெனுவுக்கு ஒரு கொன்ட்ரோலரே இருக்கிறது, அதோடு லொறி வாடகை என்று இன்னொன்று, அது எனக்குத் தெரியவே தெரியாது. ஸிப்பில் உள்ளது மில் என்ற முதல் போல்டரின் கொப்பி. அந்த அண்ணன் 6க்கு ஏற்றுவதற்கு முன் எடுத்த பெக்கப்பைத்தான் பென்னில் போட்டுக் கொடுத்திருக்கிறார், தெரிந்து கொடுத்தாரோ தெரியாமல் கொடுத்தாரோ.

நான் நாளைக்கு அந்த 5.8ஐ ஏற்றியிருந்தால் முற்பணக் கணக்கு முழுக்கத் திரையிலிருந்து காணாமல் போயிருக்கும். வெட்டு நேரத்தில், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒருவருக்கும் தெரியாமல். ஹாஜியாரிடம் இதை நான் சொல்லவில்லை. "வேர்ஷன் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன், "அதுக்கா இவ்வளவு நேரம்" என்று கேட்டார்.

இனி என்ன செய்வது? மில்_நியூ2வை அப்படியே ஸிப் செய்து இறக்கிவிட்டேன். சேர்வரில் பிஎச்பி 7.4 என்று சீபேனல் காட்டுகிறது.

ஒலுவில்_வெளிச்சவீடு | திங்கள், இரவு 7.10

அல்ஹம்துலில்லாஹ். லப்டொப்பில் பிஎச்பி 7.4 போடுங்கள், எக்ஸாம்ப்பின் 7.4 வேண்டுமென்றால் அதை வேறு போல்டரில் போடலாம், லாராகன் என்றால் பிஎச்பியை மாற்றி மாற்றி ஓட்டலாம், உங்களுக்கு எது கைக்கு வசமோ அது. இறக்கிய ஸிப்பில் வென்டரும் வந்திருக்கும், இருந்தாலும் அதை ஒரு பக்கம் பெயர் மாற்றி வைத்துவிட்டு, சேர்வரின் லொக் பைலோடு கொம்போசர் இன்ஸ்டோல் கொடுங்கள். இன்ஸ்டோல், அப்டேட் இல்லை. பிறகு ஆர்ட்டிசன் --வேர்ஷன் கேட்டால் 6.18.35 வர வேண்டும். வந்தால் உங்கள் லப்டொப்பும் மில்லும் ஒரே பாஷை பேசுகின்றன. டேட்டாபேஸையும் ஒரு டம்ப் எடுத்து உள்ளூரில் போடுங்கள், பழைய ஸிப்போடு வந்ததைப் போடாதீர்கள்.

சீபேனல் காட்டும் பிஎச்பி சைட்டுக்கு உரியது. டெர்மினலில் பிஎச்பி -வி கேட்டால் வேறு நம்பர் வரக்கூடும், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கொம்போசரைச் சேர்வரில் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் அது முக்கியம், நீங்கள் ஓட்டப்போவதில்லைதானே.

டொக்கியுமென்டேஷன் பக்கத்தில் வேர்ஷன் தெரிவு செய்யும் இடத்தில் 6.எக்ஸ் என்று மாற்றி வாசியுங்கள். மிடில்வேர் எல்லாம் எச்டிடிபி கேர்னலில்தான் பதிய வேண்டும்.

மறுகா ஒரு விசயம், கட்டாயம் பாருங்கள். செட்டிங்ஸ் இருக்கும் டொட் என்வ் பைலில் அப் டீபக் (எரரின் உள்விபரத்தைத் திரையில் காட்டுவது) ட்ரூ என்றா இருக்கிறது? லைவில் அது போல்ஸ் ஆக இருக்க வேண்டும். லாரவெல் 6இலிருந்து எரர் பக்கத்தைக் காட்டுவது இக்னிஷன் என்ற பெக்கேஜ். 2021இல் அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது பகிரங்கமானது, டீபக் திறந்திருக்கும் சைட்டில் வெளியாள் சேர்வரில் கோட் ஓட்டிவிடலாம். உங்களுடைய லொக் 2020இல் எழுதியது போலத் தெரிகிறது, அப்படியென்றால் அந்த ஓட்டை அடைபடாத இக்னிஷன்தான் இருக்கும். சிலர் எரர் வரவழைத்து அந்தப் பக்கத்தில் லாரவெல் நம்பரைப் பார்க்கச் சொல்வார்கள். நம்பர் தெரியும்தான், உங்களுக்கு மட்டுமா தெரியும்?

6க்கு செக்கியூரிட்டி திருத்தம் 2022 செப்டெம்பரோடு நின்றுவிட்டது, பிஎச்பி 7.4க்கு அதே வருசம் நவம்பரில். அதைச் சொல்லி ஹாஜியாரிடம் அப்கிரேடுக்குத் தனியாக ஒரு விலை பேசி வையுங்கள். வெட்டு முடிந்து காசு கையில் இருக்கும்போது பேசுங்கள், இப்போது பேசினால் "ஓடுறதுதானே" என்பார்.

மறுகா_பாப்பம் | திங்கள், இரவு 9.25

நேற்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், போதுமா. எனக்கும் ஒரு கேள்வி. ஏறாவூரில் ஒரு பேக்கரியின் பில்லிங், கோட்இக்னைட்டர் என்ற இன்னொரு பிஎச்பி ப்ரேம்வேர்க்கில். அதில் கொம்போசரே இல்லை, வென்டரும் இல்லை. அப்போ எதைப் பார்ப்பது?

தயிர்ச்சட்டி | திங்கள், இரவு 9.40

சிஸ்டம் > கோர் > கோட்இக்னைட்டர்.பிஎச்பி. சிஐ_வேர்ஷன் என்று தேடுங்கள். 3 என்றால் கொன்ஸ்ட் என்று தொடங்கும், 2 என்றால் டிபைன் என்று. கோர் போல்டருக்குள் அந்தப் பைல் இல்லாமல் சிஸ்டம் போல்டரின் வாசலிலேயே இருந்தால் 4, அதில் பிஎச்பி ஸ்பார்க் கொடுத்தாலும் தலையிலேயே நம்பர் வரும். பார்த்துவிட்டு நம்பரை இங்கே போடுங்கள். அப்டேட் கொடுக்காதீர்கள்.

மறுகா_பாப்பம் | திங்கள், இரவு 9.58

2.1.4. டிபைன் தான்.

தயிர்ச்சட்டி | திங்கள், இரவு 10.01

அட ஆண்டவனே. அந்தப் பேக்கரியில் இப்போதும் பாண் விற்கிறார்களா?

கல்லடிப்பாலம் | செவ்வாய், இரவு 11.15

லப்டொப்பில் 6.18.35 வந்துவிட்டது. முற்பணம், லொறி வாடகை இரண்டும் திறக்கின்றன. டீபக் ட்ரூவாகத்தான் இருந்தது, போல்ஸ் ஆக்கிவிட்டேன், ஆக்கிய பிறகும் பழைய மாதிரியே காட்டியது, கொன்பிக் கேஷை அழித்த பிறகுதான் எடுபட்டது. லொக் பைலை கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்த்தாயிற்று, அந்த அண்ணன் கிட்இக்னோரில் (கிட் விட்டுவிட வேண்டிய பைல்களின் பட்டியல்) அதைப் போட்டு வைத்திருந்தார், ஸிப்பில் வராததற்குக் காரணம் அதுவாக இருக்கும்.

ஈரப்பதன் கழிவு பாதி எழுதியிருக்கிறேன். 14க்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டால் ஆளுக்கு ஆள் வேறு என்கிறார். அதற்கு எந்தப் பைலைத் திறப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.